தூக்குக்குண்டு நிற்கும் நேரம்

(கும்பகோணம் வட்டாரத்தில் நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில் ஒரு கொத்தனார் ஆற்றிய உரை)



இந்த மேடையில் பேராசிரியர்கள் பேசியிருக்கிறார்கள். எழுத்தாளர்கள் பேசியிருக்கிறார்கள். இந்த மாதம் ஒரு கைத்தொழில்காரர் பேசட்டும் என்று நீங்களாகவே முடிவுசெய்து என் வீட்டு வாசலுக்கு வந்து அழைத்தீர்கள். அதற்கு என் நன்றி. எனக்கு வயது 53. பதினைந்து வயதில் கலவைச் சட்டி தூக்க வந்தவன். 38 வருடமாக இதே தொழில். இன்று நான் பேச வந்தது ஒரு கொத்தனாருடைய அன்றாடத்தைப் பற்றி. அந்த வாழ்க்கையில் எது வலிக்கிறது? எது இனிக்கிறது? இந்த இரண்டையும் உள்ளது உள்ளபடி சொல்லப்போகிறேன்.

முதலில் என் கையைப் பாருங்கள். முன்வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரியும். உள்ளங்கை வழவழவென்று இருக்கிறது. மெத்தென்று இருப்பதால் வந்த வழவழப்பு இல்லை இது. விரல் நுனியில் ரேகை கிடையாது. தண்ணீர் பட்ட சிமெண்ட் கடுமையான காரம். அது தோலை அரிக்கும். அரித்த இடத்தை மணல் தேய்க்கும். தேய்ந்த இடத்தைச் செங்கல் விளிம்பு உரசும். ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படுப்போம், காலையில் மறுபடியும் கையைக் கலவையில் வைப்போம். இப்படி 38 வருடம்.

ரேஷன் கடையில் கைரேகை வைக்கும் கருவி வந்தது உங்களுக்குத் தெரியும். நான் வரிசையில் நின்று வலது கட்டைவிரலை வைத்தேன். பொருந்தவில்லை. “துடைச்சிட்டு வைங்கண்ணே” என்றார் கடையில் இருந்த பெண். வேட்டியில் துடைத்துவிட்டு வைத்தேன். பொருந்தவில்லை. “வேற விரல் வைங்க.” வைத்தேன். இடது கை வைத்தேன். பத்து விரலும் வைத்தாயிற்று. கைப்பேசிக்கு எண் வரும், அதைச் சொன்னால் போதும் என்றார்கள். பதிவு செய்த கைப்பேசி திருப்பூரில் வேலைபார்க்கும் என் மகனிடம் இருக்கிறது. அவன் மிஷினில் நிற்கிற நேரம், எடுக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அந்தப் பெண் நல்ல பெண். கோபப்படாமல்தான் கேட்டார்: “ரேகையெல்லாம் எங்கண்ணே போச்சு?”

நான் என்ன பதில் சொல்வேன்? ஒன்றும் சொல்லவில்லை. வெறும் பையோடு திரும்பி நடந்தேன். அந்தக் கடையிலிருந்து என் வீட்டுக்கு மூன்று தெரு. நடந்துகொண்டே நான் பூசிய சுவர்களை எண்ணினேன். பதினொன்று இருந்தன.

இந்தக் கைக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் என் தாய்மாமன். முதல் இரண்டு வருடம் கரணையைத் தொட விடவில்லை. மணல் சலி, செங்கல்லை நனை, சாரத்துக்குக் கயிறு பிடி, இவ்வளவுதான். செங்கல்லை ஏன் நனைக்க வேண்டும்? காய்ந்த செங்கல் கலவையில் இருக்கிற தண்ணீரைக் குடித்துவிடும். சிமெண்ட் இறுகுவதற்குத் தண்ணீர் மிஞ்சாது. இதை மாமா வாயால் சொல்லவில்லை. காய்ந்த கல் ஒன்றைக் கலவையில் வைத்து, மறுநாள் என்னையே பிடுங்கச் சொன்னார். கையோடு வந்துவிட்டது. நனைத்த கல்லைப் பிடுங்கச் சொன்னார். வரவில்லை. எங்கள் தொழிலில் பாடம் நடக்கும் விதம் இது.

பிறகு ஒருநாள் இதைக் கையில் கொடுத்தார். சட்டைப் பையில் கொண்டுவந்திருக்கிறேன், பாருங்கள். தூக்குக்குண்டு. ஒரு பித்தளைக் குண்டு, ஒரு நூல், நூலில் கோத்த ஒரு சிறிய கட்டை. கட்டையின் அகலமும் குண்டின் அகலமும் ஒன்று. கட்டையைச் சுவரின் மேல்வரியில் ஒட்டவைத்துக் குண்டைக் கீழே இறக்க வேண்டும். சுவர் நேராக இருந்தால் குண்டு சுவரைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். முட்டிக்கொண்டு நின்றால் சுவர் அடியில் வெளியே தள்ளியிருக்கிறது. விலகி நின்றால் மேலே சாய்ந்திருக்கிறது.

இறக்கியதும் குண்டு ஆடும். காற்றுக்கு ஆடும், கை நடுக்கத்துக்கு ஆடும். பதினேழு வயதுப் பையனுக்குப் பொறுமை ஏது? “சரியா இருக்கு மாமா” என்று கத்தினேன். மாமா மேலே ஏறி வந்தார். “ஆடுறது நிக்கிற வரைக்கும் வாயத் தொறக்காதடா” என்றார். இருவரும் நின்றோம். குண்டு மெதுவாக, மெதுவாக நின்றது. சுவர் ஒரு நூல் விலகியிருந்தது. தறியில் ஓடும் நூலைச் சொல்லவில்லை. எங்கள் கணக்கில் ஒரு நூல் என்றால் ஓரங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. மூன்றடி உயரத்தில் ஒரு நூல் என்றால் பத்தடிச் சுவரில் மூன்று நூலுக்கு மேல் போய்விடும். நான்கு வரியைப் பிரித்துக் கட்டச் சொன்னார். பிரித்தேன், அழுதுகொண்டே பிரித்தேன். அன்றைக்கு அழுதவன் அதற்குப் பிறகு எந்தச் சுவரிலும் குண்டு நிற்கும்வரை வாய் திறந்ததில்லை.

இன்னொன்றும் மாமா கொடுத்தார். வீட்டுக்கு நூல் கட்டும்போது மூலை சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? ஒரு பக்கம் மூன்றடி அள, அடுத்த பக்கம் நான்கடி அள, குறுக்கே ஐந்தடி வந்தால் மூலை சரி. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் என் மாமா. என் மகள் எட்டாம் வகுப்பில் பித்தாகரஸ் தேற்றம் படித்தபோது, “இது நம்ம மூலைமட்டம் பார்க்கிறது தானப்பா!” என்றாள். அன்று அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் பொக்கிஷமாக வைத்திருக்கிறேன். அப்பாவின் தொழில் அவளுடைய பாடப்புத்தகத்துக்குள் இருந்தது!

சரி, வலிக்கு வருகிறேன். கொத்தனாருக்கு எது வலி? வெயிலா? வெயில் தெரிந்துதான் வந்தோம். பாரமா? பாரம் தெரிந்துதான் வந்தோம். பலன் தரக்கூடிய நேரத்தில் நாங்கள் சொல்லும் சொல் யார் காதிலும் விழாமல் போகிறதே, அதுதான் வலி. இதை ஒரு புகாராக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வீடு சம்பந்தப்பட்ட விஷயம் இது.

தளம் போடும் நாளைப் பாருங்கள். விடியற்காலையில் கலவை மிஷின் வந்துவிடும். ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். வீட்டுக்காரர் குடும்பத்தோடு வந்திருப்பார். ஐம்பது கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர், மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறைவு. அந்த அளவில் கலவை கெட்டியாக இருக்கும்; கம்பிக்கு நடுவில் இறங்க மறுக்கும்; குத்திக் குத்தி, அதிர்வுக் கருவி விட்டுத்தான் இறக்க வேண்டும். நேரம் ஆகும். ஆட்களுக்குக் கை வலிக்கும். யாரோ ஒருவர் இன்னொரு குடம் தண்ணீரைச் சாய்ப்பார். கலவை பாயசம்போல ஓடும். வீட்டுக்காரர் மகிழ்ந்துபோவார்: “இப்பதான் மேஸ்திரி நல்லா எறங்குது!”

“சார், வேண்டாம் சார். தண்ணி கூடினா தளம் பலம் போயிரும்.”

“அட, விடுங்க மேஸ்திரி. மழை வர்ற மாதிரி இருக்கு. சீக்கிரம் முடிங்க.”

கூடுதலாக ஊற்றிய தண்ணீர் எங்கே போகும்? சிமெண்ட் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். மிச்சம் ஆவியாகிப் போகும். போன இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. அந்த ஓட்டை வழியாக மழைத் தண்ணீர் இறங்கும்; இறங்கிக் கம்பியைத் தொடும்; கம்பி துருப்பிடிக்கும்; துருப்பிடித்த கம்பி பருக்கும்; பருத்து, அடியில் இருக்கும் கான்கிரீட்டைத் தள்ளிவிடும். பத்து வருடம் கழித்து ஒரு மத்தியானம் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது மேலேயிருந்து ஒரு துண்டு விழும். அந்தக் கூடுதல் குடம் அன்றைக்கு வந்து விழுகிறது என்று யாருக்குத் தெரியும்?

அளவோடு ஊற்றச் சொன்ன நாளில் இப்படி என்றால், தாராளமாக ஊற்றச் சொல்லும் நாளில் தண்ணீரே வராது. கான்கிரீட் போட்ட மறுநாளிலிருந்து ஏழு நாளாவது ஈரம் காயாமல் இருக்க வேண்டும். இப்போது கடையில் பெரும்பாலும் கிடைப்பது சாம்பல் கலந்த சிமெண்ட்; அதற்குப் பத்து நாள். தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீரை நிறுத்த வேண்டும். கான்கிரீட் முழு பலத்துக்கு வருகிறதா என்று சோதிப்பது 28ஆம் நாள். பத்து மாதம் சுமந்து பெற்ற பிள்ளைக்குப் பால் கொடுக்க மாட்டேன் என்பார்களா யாராவது? இங்கே சொல்வார்கள். மோட்டார் ஓடவில்லை, காவல்காரர் வரவில்லை, கல்யாணத்துக்குப் போய்விட்டோம். நான் அந்த வழியாகப் போகும்போது காய்ந்து வெளுத்த தளத்தைப் பார்ப்பேன். வயிற்றைப் பிசையும். பல நாள் இருட்டில் ஏறி நானே தண்ணீர் ஊற்றிவிட்டு வந்திருக்கிறேன்.

ஐந்து வருடத்தில் விரிசல் வரும். அப்போது ஊரே கேட்கும்: “யாருய்யா கொத்தனார்?” வீடு கட்டி முடித்த நாளில் யாரும் கேட்காத பெயர், சுவரில் கோடு விழுந்த நாளில் எல்லோருக்கும் வேண்டியிருக்கிறது.

நம்முடைய மண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். டெல்டாவில் களிமண். தண்ணீர் இருக்கும்போது உப்பும். தண்ணீர் வற்றினால் சுருங்கும். சித்திரை மாதம் எந்த வயலிலாவது போய் நில்லுங்கள், வெடிப்பில் உங்கள் கை நுழையும். அந்த மண்ணின் மேல் வீடு நிற்க வேண்டும். அப்படியானால் பணத்தை எங்கே போட வேண்டும்? அஸ்திவாரத்தில். எங்கே போடுகிறார்கள்? முகப்பில்! அஸ்திவாரத்தில் ஓரடி ஆழத்தைக் குறைத்து, மிச்சமான காசில் வாசலுக்குப் பளிங்குத் தூண் வைத்த வீட்டை நான் அறிவேன். நான்தான் கட்டினேன். கூடாது என்று மூன்று தடவை சொன்னேன். நான்காவது தடவை சொல்லாமல் விட்டது என் தவறு. அதை இன்று இந்த அவையில் ஒப்புக்கொள்கிறேன். அந்த வீட்டு வடமேற்கு மூலையில் இப்போது சன்னலுக்கு மேலே சாய்வாக ஒரு விரிசல் ஓடுகிறது. கோடையில் அகலும், ஐப்பசியில் மூடிக்கொள்ளும்.

காடி வெட்டுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுவரைப் பூசி முடித்து, மட்டப்பலகை வைத்துப் பார்த்து, திருப்தியோடு கைகழுவியிருப்போம். மூன்றாம் நாள் கட்டிங் மிஷின் சத்தம் கேட்கும். வயரிங் குழாய்க்காகச் சுவரை நெடுகக் கிழித்திருப்பார்கள். நாலரை அங்குலச் சுவரைக் குறுக்கே வெட்டினால் அதன் முதுகெலும்பைத் தொட்ட மாதிரி. ஆனால் எலக்ட்ரீஷியன் தம்பி மேல் எனக்குக் கோபம் வராது. அவனும் என்னைப்போலக் கடைசியாகக் கூப்பிடப்பட்டவன். பூசுவதற்கு முன்னால் அவனை ஒருநாள், பிளம்பரை ஒருநாள், என்னை ஒருநாள் சேர்த்து உட்காரவைத்து ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பேசியிருந்தால் அந்தச் சுவர் கிழிபட்டிருக்காது. அந்த டீக்குத்தான் யாருக்கும் நேரம் இல்லை.

பிறகு பணம். சனிக்கிழமை சாயங்காலம் கூலி போட வேண்டும். அது எங்கள் தொழிலில் மாறாத வழக்கம். ஞாயிற்றுக்கிழமை கறி, பிள்ளைகளுக்கு நோட்டு, சங்கத்துத் தவணை, எல்லாம் அந்தச் சாயங்காலத்தை நம்பித்தான் இருக்கின்றன. வீட்டுக்காரர் “திங்கட்கிழமை பார்க்கலாம் மேஸ்திரி” என்று சாதாரணமாகச் சொல்லிவிடுவார். அவருக்கு அது இரண்டு நாள். எனக்கோ, சாமான் கழுவி வைத்துவிட்டு வரிசையாகக் காத்திருக்கும் ஒன்பது முகம். கடன் வாங்கியாவது போட்டுவிடுவேன். கடைசித் தவணை என்று ஒன்று நிற்கும். பெயிண்ட் முடியட்டும், கதவு மாட்டட்டும், கிரகப்பிரவேசம் ஆகட்டும் என்று தள்ளிக்கொண்டே போகும். எத்தனை கடைசித் தவணைகள் அப்படியே நின்றுபோயின என்று நான் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்தால் மனசு கசந்துபோகும், கசந்த மனசோடு கரணை பிடிக்கக்கூடாது.

இதுவரை என் வலியைச் சொன்னேன். இனி நான் பிறருக்குக் கொடுத்த வலியைச் சொல்ல வேண்டும். இதற்காகத்தான் நீங்கள் அழைத்ததும் ஒப்புக்கொண்டேன்.

ஒரு நாளில் நான் ஐந்நூறு செங்கல் வைக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு செங்கல் ஏறக்குறைய மூன்று கிலோ. ஐந்நூறை மூன்றால் பெருக்குங்கள். ஆயிரத்து ஐந்நூறு கிலோ. ஒன்றரை டன்! அதை என் கைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது யார்? சித்தாள். தலையில் சும்மாடு, சும்மாட்டின் மேல் பலகை, பலகையில் எட்டுக் கல். கலவை தனி, தண்ணீர் தனி. அந்த ஒன்றரை டன்னைச் சுமந்துகொண்டு ஏணி ஏறுபவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்குக் கிடைக்கும் கூலி எனக்குக் கிடைப்பதில் பாதி, அல்லது பாதிக்குச் சற்று மேல்.

என்னிடம் 22 வருடமாக வேலைசெய்யும் ஒரு சகோதரி இருக்கிறார். ஆறு பங்கு மணலுக்கு ஒரு பங்கு சிமெண்ட் என்று அளந்து கொட்டியபின், மண்வெட்டி கலவையில் இறங்கும் ஓசையைக் கேட்டே “தண்ணி போதும்ணே” என்பார். பார்க்காமலே சொல்வார்; ஒருநாளும் தவறியதில்லை. ஆற்று மணல் போய் எம் சாண்ட் வந்தபோது எங்கள் எல்லோருக்கும் கை தடுமாறியது. கொள்ளிடத்து மணல் உருண்டையானது, வழுக்கிக்கொண்டு போகும். எம் சாண்ட் கல்லை உடைத்த துகள், முனை இருக்கும், இழுக்கும், கூடுதலாகத் தண்ணீர் கேட்கும். அதன் பக்குவத்தை முதலில் பிடித்தவர் அந்தச் சகோதரிதான். நான் அவரிடம் கேட்டுத்தான் கற்றேன்.

இவ்வளவு தெரிந்தவர் கையில் ஏன் கரணை இல்லை? ஆண்பிள்ளை என்றால் இரண்டு வருடம் சட்டி தூக்கினான், மூன்றாம் வருடம் கரணை பிடித்தான். எனக்கு அப்படித்தான் நடந்தது. அவர் இருபது வருடம் சட்டி தூக்கினார். யார் தடுத்தது? சட்டமா? சாமியா? நான்தான் தடுத்தேன். கொடுக்கத் தோன்றவே இல்லை. தோன்றாமல் இருப்பதும் ஒரு தடுப்புதான்.

ஒரு தீபாவளி வாரம். கொத்தனார் இரண்டு பேர் வரவில்லை. ஒரு குளியலறைத் தடுப்புச் சுவர் அரைகுறையாக நின்றது. நான் தலைமட்டத்தில் வேறு வேலையில் இருந்தேன். கீழே இறங்கி வந்தால், அந்தச் சகோதரி குத்துக்காலிட்டு உட்கார்ந்து கல் வைத்துக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் திருடிய பிள்ளைபோல எழுந்து நின்றார். “சும்மா பாத்தேண்ணே. பிரிச்சிர்றேன்” என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. பையிலிருந்து இந்தக் குண்டை எடுத்தேன். மேல்வரியில் கட்டையை வைத்து இறக்கினேன். ஆடியது. அவர் மூச்சுவிடவில்லை. நானும் விடவில்லை. குண்டு நின்றது. தொட்டும் தொடாமலும் நின்றது.

அவையோரே, என் வாழ்க்கையில் எத்தனையோ சுவருக்குக் குண்டு பிடித்திருக்கிறேன். அன்றைக்கு ஆடி நின்றபோது எனக்குக் கண் கலங்கியது. சந்தோஷம் பாதி. இருபது வருடத்தை எண்ணிப் பார்த்தது பாதி.

அடுத்த வாரம் அவருக்குக் கொத்தனார் கூலி போட்டேன். இரண்டு பேர் என்னைவிட்டு விலகினார்கள். ஒரு வீட்டுக்காரர், “பொம்பள கட்டின சொவரா? வேணாம் மேஸ்திரி” என்றார். “சார், உங்க கையால குண்டு புடிச்சுப் பாருங்க. ஒரு நூல் விலகியிருந்தா மொத்தத்தையும் நான் பிரிச்சுக் கட்டித் தர்றேன்” என்றேன். பிடித்துப் பார்த்தார். பிறகு பேசவில்லை. மாடி எடுக்கும்போது, “அந்த அம்மாவும் வருவாங்கல்ல?” என்று அவரே கேட்டார். இப்போது அந்தச் சகோதரி இன்னும் இரண்டு பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார். குண்டு ஆடும்போது வாய் திறக்கக்கூடாது என்று அவரும் அதட்டுகிறார். மாமாவின் அதே வார்த்தை!

கட்டியவர் பெயரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கிருந்து நாற்பது கிலோமீட்டரில் தஞ்சைப் பெரிய கோயில் இருக்கிறது. 1010ஆம் ஆண்டில் முடிந்த கோயில். அங்கே கல்வெட்டில் குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் என்று கட்டியவர் பெயர் இருக்கிறது. அரசன் தன் பெயரையே அந்தப் பெருந்தச்சனுக்குப் பட்டமாகக் கொடுத்திருக்கிறான். ஆயிரம் வருடம் முன்னால் இருந்த அந்த மனசு நம் ஊரில் இன்று எங்கே போனது? எத்தனை கட்டடத் திறப்பு விழாக் கல்வெட்டுகளைச் சிமெண்ட் வைத்து நான் பதித்திருக்கிறேன்! திறந்தவர் பெயர், தலைமை தாங்கியவர் பெயர், முன்னிலை வகித்தவர் பெயர், எல்லாம் இருக்கும். கட்டியவர் பெயர் இருக்காது. கல் சுமந்தவர் பெயர் தஞ்சாவூரிலும் இல்லை, இங்கும் இல்லை.

பெயர் பதிவாகிற ஒரு இடம் உண்டு. 1982ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் 1994இல் அமைந்த கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம். நம் மாநிலத்துக் கட்டடத் தொழிலாளர்கள் கொடி பிடித்து, மறியல் செய்து வாங்கியது அது. விபத்து உதவி, பிள்ளைகள் படிப்புக்கு உதவி, அறுபது வயதுக்குமேல் ஓய்வூதியம். கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒன்று என்று வசூலாகும் நல வரியிலிருந்து வருகிற பணம். அதாவது வீடு கட்டுகிற நீங்கள் எங்களுக்காகக் கொடுக்கிற பணம். உங்கள் வீட்டில் வேலை நடக்கும்போது சித்தாளைக் கூப்பிட்டு, “அட்டை இருக்காம்மா? புதுப்பிச்சிட்டியா?” என்று கேளுங்கள். இல்லை என்றால், படித்த பிள்ளை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பதிவு செய்துகொடுங்கள். அரை நாள் வேலை. ஒரு கிழவிக்கு மாசாமாசம் மாத்திரை வாங்க வழி.

இனி, இனிப்பு. இல்லாமலா 38 வருடம் இருந்தேன்?

லாரியில் செங்கல் வந்து இறங்கும். இரண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பேன். நல்ல கல் ‘கிணீர்’ என்று வெண்கலம்போல ஒலிக்கும். வேகாத கல் ‘சொத்’ என்று சொல்லும். நல்ல ஓசை வந்த காலையில் அன்று முழுக்க வேலை இனிக்கும். நிலை வைக்கும் நாள் ஒரு இனிப்பு. மஞ்சளும் சந்தனமும் வேம்பு வாசனையுமாக வெறும் சுவர் முதல்முதலாக வீடு என்று தோன்றுவது அன்றைக்குத்தான். வெயிலில் காய்ந்த பூச்சின் மேல் தண்ணீர் அடிக்கும்போது சுவர் ‘உஸ்’ என்று இழுக்கும் ஓசை இருக்கிறதே, தாகம் தீர்கிற ஓசை, அதை எந்தப் பாட்டுக் கச்சேரிக்கும் நான் மாற்ற மாட்டேன்.

ஒரு வீட்டுக் கிரகப்பிரவேசம். வழக்கமாக எங்களுக்கு வேட்டி துண்டு தருவார்கள், சாப்பாடு கடைசிப் பந்தியில். அந்த வீட்டுப் பாட்டி, எண்பது வயது இருக்கும், வாசலுக்கு வந்தார். “கட்டினவங்க சாப்பிடாம யாரும் எலையில உக்காரக்கூடாது” என்றார். சித்தாள், நிமிந்தாள், கம்பி கட்டியவர், எல்லோரும் முதல் பந்தியில் உட்கார்ந்தோம். பாட்டியே பாயசம் ஊற்றினார். அந்தப் பாயசத்தின் ஏலக்காய் மணம் இப்போதும் எனக்கு வரும்.

எல்லாவற்றிலும் எனக்குப் பெரியது ஒன்று உண்டு. மொட்டைமாடியில் தட்டோடு பதிக்கும்போது வாட்டம் கொடுப்போம். பத்தடிக்கு ஓரங்குலம். கண்ணுக்குத் தெரியாது. பார்த்தால் மட்டமாகத்தான் இருக்கும். ஆனால் தண்ணீருக்குத் தெரிய வேண்டும். தெரிந்ததா இல்லையா என்பதை மழைதான் சொல்லும். ஐப்பசியில் முதல் அடைமழை பிடித்ததும் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த வருடம் கட்டிய வீடுகளுக்குப் போவேன். மனைவி திட்டுவாள். நனைந்துகொண்டு மாடி ஏறி நிற்பேன். தண்ணீர் முதலில் திகைக்கும். எந்தப் பக்கம் என்று தெரியாமல் அங்கங்கே மினுமினுக்கும். பிறகு ஒரு கோடாகச் சேரும். கோடு கோடோடு சேரும். ஒரு சொட்டுத் தேங்காமல் மூலையில் இருக்கும் குழாய் வாயைத் தேடிக்கொண்டு போய்ச் சளசளவென்று இறங்கும். என் கை கொடுத்த வாட்டம் வானத்துத் தண்ணீருக்குப் புரிந்துவிட்டது! கீழே வீட்டுக்காரர்கள் சன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குவார்கள். நான் குழாய் வாயில் சிக்கிய வேப்பிலையை எடுத்துப் போட்டுவிட்டு இறங்குவேன்.

நேரம் எட்டரை ஆகிறது. நேற்று ஒரு தளம் போட்டிருக்கிறோம். இன்று சாயங்காலம் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்திவிட்டுத்தான் குளித்துக் கிளம்பினேன். இப்போது அடிக்கிற காற்றுக்கு அது கொஞ்சம் வற்றியிருக்கும். வீடு திரும்பும் வழிதான், ஏறிப் பார்த்து ஊற்றிவிட்டுப் போக வேண்டும். கேள்வி இருப்பவர்கள் கூட வாருங்கள், நடந்துகொண்டே பேசலாம். குண்டு பிடித்துப் பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளும் வரலாம், தூண் ஒன்று தயாராக நிற்கிறது.